வீரவநல்லூர் வரைக்கும் முழிச்சிருந்தேன்

டிக்கெட் எடுத்தாச்சா தம்பி? எங்க, காட்டுங்க பாப்போம்.

அட, காட்டிட்டியளே! சும்மா கேட்டேன், தப்பா நினைச்சுக்கிடாதீங்க. இதே ரூட்டுல காலம் பூரா செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். ரிட்டையராகி எவ்வளவோ காலமாச்சு, இருந்தாலும் பஸ்சுல ஏறி உக்காந்தா வாய் தன்னால கேட்டிருது. பேரு உலகநாதன். அம்பாசமுத்திரம் டெப்போவுல போயி 'செக்கர் உலகநாதன்'னு சொல்லிப் பாருங்க, பழைய கண்டக்டர் எவனாவது இருந்தா பதறி எந்திரிச்சு நிப்பான்.

டிக்கெட்ட மேல் பையில வைங்க. கையில சுருட்டி வச்சா வேர்வையில எழுத்து அழிஞ்சு போகும். இந்த மிஷின் டிக்கெட்டு அப்படித்தான், சவம், மத்தியானத்துக்குள்ள வெள்ளைக் காயிதம் ஆயிரும். எங்க காலத்து டிக்கெட்டுன்னா வேட்டியோட சேத்துத் துவைச்சாலும் நம்பர் தெரியும்.

என்னது, என் கையில ரெண்டு டிக்கெட் இருக்கா? கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. அது இருக்கட்டும், பொறகு சொல்லுதேன்.

செத்த நேரம் இந்தக் காலை நீட்டிக்கிடுதேன். இந்த வலது மூட்டு புதுசு, போன ஐப்பசியில மாத்துனது. இடதுதான் இன்னும் பழசு. அதை நாளைக்கு மாத்துதாவ, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில. ஆமா, நாளைக்கு. இன்னைக்கே எதுக்குக் காலங்காத்தால ஒத்தையில கிளம்பிட்டேன்னு கேக்குதியளா? எம் மக செண்பகா தென்காசியில டீச்சரா இருக்கா. பள்ளிக்கூடம் விட்டுக் கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னா. அவ வாரதுக்குள்ள அந்த மயக்க டாக்டரம்மாவத் தனியாப் பாத்து ஒரு வார்த்தை பேசணும். மக பக்கத்துல இருந்தா என்னைப் பேச விட மாட்டா. 'அப்பா நீங்க சும்மா இருங்க'ன்னு ஆரம்பிச்சிருவா. அவளுக்கு நான் சும்மாவே இருக்கணும்.

எனக்கு வேண்டியது நியாயம் தம்பி, வேற ஒண்ணும் இல்ல. போன தடவை ஒரு மருந்த வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்காம ஏத்துனாவ. இந்தத் தடவை அதே மருந்து எனக்கு வேணும், தர மாட்டேங்காவ. இது எந்த ஊரு நியாயம்? நீங்களே சொல்லுங்க.

என்ன மருந்தா? சொல்லுதேன். இந்த மூட்டு ஆபரேசனுக்கு எங்களை மாதிரி வயசாளிகளுக்கு முழு மயக்கம் குடுக்க மாட்டாவளாம். முதுகுத்தண்டுல ஒரு ஊசி. அவ்வளவுதான், இடுப்புக்குக் கீழ நம்ம காலு நம்ம காலு இல்ல, கட்டை. ஆனா மேல பாதி முழிச்சுக்கிட்டு இருக்கும். கண்ணு பாக்கும், காது கேக்கும், வாய் பேசும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நம்ம உடம்புல வேலை நடக்கும்போது நாம கண்ணு முழிச்சு மேற்பார்வை பாக்குததுதான முறை? ஆனா அந்த டாக்டரம்மா, பியூலான்னு பேரு, சின்னப் பொண்ணு, அது என்ன சொல்லுது? 'ஐயா, வலி தெரியாது. ஆனா உள்ள சுத்தியல் சத்தம், ரம்பச் சத்தம் எல்லாம் கேக்கும். பதட்டத்துல பிரஷர் ஏறிரக் கூடாது. அதனால ட்ரிப்ஸ் வழியா நரம்புல கொஞ்சம் மருந்து சேத்துக் குடுக்கேன். லேசா அசந்த மாதிரி இருக்கும், கூப்பிட்டா முழிச்சுக்கிடலாம்'னு சொல்லுது.

நான் சொல்லிட்டேன். 'தாயி, முதுகுல எத்தனை ஊசி வேணும்னாலும் குத்து. தூங்க வைக்கிற சோலி மட்டும் என்கிட்ட வேண்டாம்'னேன்.

ஏன்னா தூக்கத்தப் பத்தி எனக்குத் தெரிஞ்ச மாதிரி எவனுக்கும் தெரியாது. பஸ்சுல தூங்குதவன் எத்தனை பேரப் பாத்திருப்பேன்! பாதிப் பேரு டிக்கெட் எடுக்காதவன். செக்கிங் ஏறுதுன்னு தெரிஞ்ச உடனே தலையத் தொங்கப் போட்டுருவானுவ. நான் தொட்டு எழுப்ப மாட்டேன். பக்கத்துல போயி நின்னு, பைய, அடுத்த ஸ்டாப்பு பேர மட்டும் காதுல சொல்லுவேன். நெசமாத் தூங்குதவன் அப்படியே கிடப்பான். கள்ளத் தூக்கத்துக்கு இமை துடிக்கும். அவ்வளவுதான், 'எந்திரிங்க மாப்பிள்ளை'ன்னு தோள்ல கையப் போட்டுருவேன்.

இப்பக் கண்ண மூடுனியளே, உங்களுக்கும் இமை துடிக்குது. ஹா! போர் அடிக்குதோ? கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, திருநெல்வேலி வரைக்கும் நான்தான் உங்களுக்கு விதிச்சது.

இந்த விசயத்துல எனக்கு வேண்டியவன் வேண்டாதவன்னு கிடையாது. என் வீட்டுக்காரியையே விட்டதில்ல. நெசமாத்தான். அவ பேரு பிரம்மசக்தி, பிரமுன்னு கூப்பிடுவோம். அவளுக்குத் தாய்வீடு வீரவநல்லூர். அப்ப நாங்க பாளையங்கோட்டையில குடியிருந்தோம். அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டு வீரவநல்லூர்ல ஏறி வந்துக்கிட்டிருக்கா. கண்டக்டர் பரமசிவன்னு ஒரு கூறுகெட்டவன், 'நம்ம சார் வீட்டம்மா'ன்னு டிக்கெட்டே போடல. காருகுறிச்சியில நான் செக்கிங் ஏறுதேன். ஜன்னல் கம்பியில தலையச் சாய்ச்சுத் தூங்குதா. நல்ல தூக்கம், இமை துடிக்கல. அப்புறம் முழிச்சுப் பாத்தா. என்னைக் கண்ட உடனே அவளுக்குச் சிரிப்பு. 'நீங்களா'ன்னா. நான் கைய நீட்டி, 'டிக்கெட் எங்கம்மா?'ன்னு கேட்டேன்.

பஸ்சு முழுக்கப் பாக்குது. நான் பாவம் பாத்தா நாளைக்கு எவன் எனக்கு மதிப்புக் குடுப்பான்? அபராதம் போட்டேன். பரமசிவனுக்கு மெமோ. அவ முந்தியில முடிஞ்சு வச்சிருந்ததை அவுத்துக் குடுத்தா. அவ அம்மா குடுத்து விட்டதா இருக்கும். டெப்போவுல அன்னைக்கு முழுக்க இதே பேச்சுத்தான். உலகநாதன்னா உலகநாதன்தான்யான்னு பேசிக்கிட்டானுவ.

அவளும் கோவிச்சுக்கிடல தம்பி. அவ கேலிக்காரி. அதுக்குப் பொறகு எங்க போனாலும் டிக்கெட்ட எடுத்து வளையல்ல செருகி வச்சுக்கிடுவா. வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு போடுவா பாருங்க, தட்டுப் பக்கத்துல அந்த டிக்கெட்ட வச்சு, 'பாத்துக்கிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருவா. நான் ரிட்டையரான பொறகும் வைப்பா. டவுனுக்குக் கத்திரிக்காய் வாங்கப் போயிட்டு வந்தாலும் வைப்பா. சாகுத வரைக்கும் வச்சா. அவளுக்கு அதுல ஒரு பெருமை.

இந்த டிரைவர் எதுக்கு இப்படி உருட்டுதான்? கல்லிடைக்குறிச்சி தாண்டி எவ்வளவு நேரமாச்சு!

செத்த... செத்த இப்படி நகந்துக்கிடுங்க தம்பி. ஜன்னல் வழியா ஒரு தடவை பாத்துக்கிடுதேன். வீரவநல்லூர் ஸ்டாப்புதான? யாரு ஏறுதா? பச்சைச் சேலை ஒண்ணு... இல்ல, அது வேற யாரோ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ரெண்டு பேரு. சரி. சரி, வண்டிய எடுத்துட்டான். ஒண்ணுமில்ல, சும்மாதான் பாத்தேன். பழக்கம்.

எங்க விட்டேன்? ஆமா, தூக்கம். பிரமு போயி ரெண்டு வருசம் ஆகுது. தூக்கத்துலயே போயிட்டா. நோயில்ல, நொடியில்ல. முதல் நாள் ராத்திரி எனக்குத் தோசை சுட்டுப் போட்டா, நாளைக்கு மாவு புளிச்சிரும், இன்னும் ஒண்ணு சாப்பிடுங்கன்னா. விடிஞ்சு பாத்தா கை சில்லுன்னு கிடக்கு. பக்கத்துலதான் நான் படுத்திருந்தேன், அதே கட்டில்ல. ஒரு சத்தம் இல்ல. எனக்குத் தெரியாம எந்தப் பஸ்சுலயும் ஒருத்தன் இறங்க முடியாது தம்பி, அப்படி ஒரு காது எனக்கு. நான் தூங்கல. லேசாக் கண்ணசந்திருப்பேன். துட்டி கேக்க வந்தவள்லாம், 'பக்கத்துலயே படுத்திருந்தியளே, தெரியலையா'ன்னு கேட்டாளுவ. அன்னையில இருந்து எனக்குத் தூக்கம்னா ஆகாது. படுத்தாலும் பாதி முழிப்புத்தான்.

இப்பச் சொல்லுங்க, என்னைப் போயி தூங்கச் சொன்னா?

ஆனாலும் அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. 'சரி ஐயா, மருந்து இல்லாமயே ஆரம்பிப்போம். உங்களால முடியலைன்னாச் சேத்துக்கிடுவோம்'னு சொல்லிட்டு உள்ள கூட்டிட்டுப் போச்சு. பச்சைத் துணி போத்தி, நெஞ்சுக்கு நேரா ஒரு திரையக் கட்டிட்டாவ. அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல. தலைமாட்டுல ஒரு நர்சுப் புள்ளை நின்னுச்சு. என்னைத் தாத்தாங்குது. நான் என்ன அதுக்குத் தாத்தாவா? போகட்டும். பிறகு சுத்தியல் எடுத்தாவ பாருங்க. டங்கு டங்குன்னு. கொல்லன் பட்டறை தோத்துச்சு. வலி இல்ல, ஆனா அடிக்கிற அடியில நம்ம தலை மேசையில ஆடுது. நம்ம எலும்பு சீவுத வாடை, தீஞ்ச வாடை, மூக்குக்கு வருது. அந்த நர்சுப் புள்ளை பயந்து போச்சு. பாவம், கை சில்லுன்னு ஆயிருச்சு. சரி, பயப்படாதம்மான்னு அது கையப் பிடிச்சுக்கிட்டேன். விடல. அது ஒரு தடவை 'தாத்தா, கை வலிக்குது, கொஞ்சம் மெதுவாப் பிடிங்க'ன்னுகூடச் சொல்லுச்சு. பயத்துல அப்படித்தான் பேசும்.

அதுக்குள்ள பிரஷர் மிஷின் கத்துது. மிஷின் கோளாறு, வேற என்ன? எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குதாவ. டாக்டரம்மா குனிஞ்சு, 'ஐயா, உங்களுக்கு இப்படி வேர்க்குதே. அந்த மருந்தக் கொஞ்சமாச் சேக்கட்டுமா? நான் பக்கத்துலயேதான் இருப்பேன்'னு கேக்குது. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். பல்லு கிடுகிடுன்னு அடிச்சதால சரியாக் கேட்டிருக்காது. ஏசி ஜாஸ்தி. அது திரும்பக் கேட்டுது. 'ஏத்துனா ஏத்திக்கோ தாயி, ஆனா நான் தூங்க மாட்டேன். வேணும்னா பந்தயம், பாபநாசத்துல இருந்து திருநெல்வேலி வரைக்கும் ஒரு ஸ்டாப்பு விடாமச் சொல்லுதேன், கேட்டுக்கோ'ன்னேன். அது சிரிச்சுக்கிட்டே, 'சொல்லுங்க ஐயா, கேக்குதேன்'னுச்சு.

பாபநாசம்னு ஆரம்பிச்சேன். விக்கிரமசிங்கபுரம். அம்பாசமுத்திரம். கல்லிடைக்குறிச்சி. கையில ட்ரிப்ஸ் ஏறுத இடம் குளுகுளுன்னு இருந்துச்சு. சுத்தியல் சத்தம் எங்கயோ பக்கத்துத் தெருவுல அடிக்கிற மாதிரித் தள்ளிப் போச்சு. வீரவநல்லூர்னேன்.

அதோட நின்னுட்டேனாம்! டாக்டரம்மா சொல்லுது, 'வீரவநல்லூர் வரைக்கும் முழிச்சிருந்தீங்க ஐயா. அப்புறம் நல்ல குறட்டை'ன்னு. நர்சும் சாட்சி சொல்லுது. எல்லாம் கூட்டுக் களவாணிக. ஒரு ஸ்டாப்புல ஆள் ஏறும்போது எவனாவது அடுத்த ஸ்டாப்பு பேரச் சொல்லுவானா தம்பி? ஆள் ஏறிக்கிட்டிருந்துச்சு, நான் நிறுத்துனேன். அதுதான் நடந்தது.

யாரு ஏறுனதுன்னு கேக்காதீங்க. சொல்லுதேன், இருங்க.

அதுக்குப் பொறகு நடந்ததுதான் எனக்கு வினையாப் போச்சு. வார்டுக்குக் கொண்டு போட்டாவ. ரெண்டு மூணு நாளு நான் நானாவே இல்லையாம். செண்பகா சொல்லுதா. பக்கத்துக் கட்டில்ல கிடந்த மிலிட்டரிக்காரர்கிட்ட டிக்கெட் கேட்டேனாம். அந்த ட்ரிப்ஸ் கம்பியப் பாத்து, 'எத்தனை தடவ சொல்லுதது, படியில நிக்காதே, உள்ள போ'ன்னு ஏசுனேனாம். பழக்க தோசம்தான? இதுல என்ன அதிசயம்? அந்த மிலிட்டரிக்காரரு தங்கமான மனுசன், காய்ச்சல் குறிக்கிற அட்டைய எடுத்துக் காட்டுனாராம், நான் பாத்துட்டு 'சரி, உக்காருங்க'ன்னு விட்டுட்டேனாம். செண்பகாவையும் கேட்டேனாம், 'நீ யாரும்மா, எங்க ஏறுன?'ன்னு. விளையாட்டுக்குக் கேட்டிருப்பேன். பெத்த மகள எனக்குத் தெரியாதா? அதுக்குப் போயி வராந்தாவுல நின்னு அழுதிருக்கா. பிறகு, 'நான் இறங்கணும், வண்டிய நிறுத்து'ன்னு புதுக் காலோட கட்டில விட்டுக் குதிக்கப் பாத்தேனாம், நாலு பேரு அமுக்கிப் பிடிச்சாவளாம். இது பச்சைப் பொய்யி. கையில இருந்த காயம் ட்ரிப்ஸ் ஊசி குத்துனது.

அதான் இந்தத் தடவை டாக்டரம்மாவும் செண்பகாவும் பேசி முடிவு பண்ணிட்டாவ. 'உங்க வயசுக்கு அந்த மருந்து மண்டையக் குழப்பிருச்சு ஐயா. திரும்பவும் அப்படி ஆனா தெளியாமலே போயிரலாம். முதுகு ஊசி மட்டும் போதும். காதுல பாட்டு மாட்டி விடுதோம், சுத்தியல் சத்தம் கேக்காது'ன்னு சொல்லியாச்சு. பாட்டாம்! எனக்கு எதுக்குப் பாட்டு? செண்பகா கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுதா, 'அப்பா, அம்மாவும் போயிட்டா. நீங்களும் என்னை யாருன்னு கேட்டா நான் எங்கப்பா போவேன்?'ன்னு. கண்ணு நிறைய தண்ணி. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. அவளுக்கும் என்னை விட்டா யாரு?

ஆனா எனக்கு அந்த மருந்து வேணும் தம்பி.

இது மேலச்செவலா? அடேயப்பா, இப்ப வெரசாப் போறான். கொஞ்சம் பைய ஓட்டுனா என்ன? நான் இன்னும் பேசி முடிக்கல.

சரி, உங்ககிட்டச் சொல்லுதேன். செண்பகாகிட்டச் சொல்லல, டாக்டர்கிட்டயும் சொல்லல. சொன்னா, 'பாத்தியா, மண்டை குழம்பிருச்சு'ம்பாவ. வீரவநல்லூர்ல பிரமு ஏறுனா.

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி. அந்தப் பச்சைச் சேலைதான், அரக்குக் கரை. கையில அவ அம்மா குடுத்து விடுத அந்த வயர் கூடை. படியில ஏறி நேரா வந்தா. நான் ஜன்னல் சீட்டுல இருக்கேன். எந்திரிச்சு, 'நீ உக்காரு'ன்னு ஜன்னல் பக்கத்த விட்டுக் குடுத்தேன். என் முழங்கால் வலிக்கவே இல்ல. அவ உக்காந்து கூடைய மடியில வச்சா. என்னைப் பாத்துச் சிரிச்சா. அன்னைக்குக் காருகுறிச்சியில சிரிச்சா பாருங்க, அதே சிரிப்பு. எனக்கு எவ்வளவோ கேக்க இருந்துச்சு தம்பி. 'ஏன்ட்டி சொல்லாமப் போனே?'ன்னு கேக்கணும். 'கூப்பிட்டியா, எனக்குக் கேக்கலையா?'ன்னு கேக்கணும். அதைத்தான் ரெண்டு வருசமா மனசுக்குள்ள கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். வாயத் தொறக்கேன், எளவு, என் கை நீளுது. இந்தக் கை. தன்னால நீளுது. 'டிக்கெட்'டுன்னு கேட்டுட்டேன்.

அவ வளையலத் தடவிப் பாத்தா. வளையல்ல இல்ல. முந்தியில பாத்தா. கூடையில வெத்தலை, மாங்காய் எல்லாத்தையும் ஒதுக்கி ஒதுக்கித் தேடுதா. மூஞ்சியில சிரிப்பு போயிருச்சு. நான் கைய மடக்கணும்னு பாக்கேன், மடங்க மாட்டேங்குது. அந்த நேரம் பாத்து டாக்டரம்மா, 'ஐயா, முடிஞ்சுது, கண்ணத் தொறங்க'ன்னு கன்னத்துல தட்டுது.

அவ இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருப்பா தம்பி. அந்த சீட்டுல உக்காந்து. எட்டு மாசமா. நான் கைய நீட்டுனபடி நிக்கேன்னு நினைச்சுக்கிட்டு. எனக்கு எப்படி இருப்புக் கொள்ளும், சொல்லுங்க? வார்டுல இறங்கணும் இறங்கணும்னு கத்துனேன்னா, எதுக்குக் கத்தியிருப்பேன்? போயி, வேண்டாம் பிரமு, தேடாதேன்னு சொல்லத்தான். இப்ப டவுன் பஸ்சுலல்லாம் பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது, ஓசிதான். இந்தச் சட்டத்த முன்னாலயே போட்டிருந்தா எங்களுக்குள்ள இந்த வம்பே வந்திருக்காது.

இப்ப என் பிரச்சினை என்னன்னா, டாக்டரம்மா கேக்கும். 'போன தடவை அவ்வளவு சண்டை போட்டியளே, இப்ப எதுக்கு அந்த மருந்து?'ன்னு கேக்கும். என்ன சொல்லுதது? வலின்னு சொன்னா, முதுகு ஊசியில வலி தெரியாதேங்கும். பயம்னு சொன்னா... நான் எப்படிச் சொல்லுவேன்? நர்சு கையப் பிடிச்சு தைரியம் சொன்னவன் நான். அம்பாசமுத்திரத்துல ஏறுனதுல இருந்து யோசிச்சுக்கிட்டே வாரேன். கடைசியில ஒரே ஒரு காரணம்தான் எடுபடும். 'தாயி, போன தடவை நல்லாத் தூங்குனேன், அதே மாதிரித் தூங்கணும்'னு சொன்னா மனசு இளகி, ஒரு சொட்டாவது குடுக்கும்.

ஆனா தூங்குனேன்னு சொன்னா அது கனவுன்னு ஆயிருமே. அவ ஏறலைன்னு ஆயிருமே.

நீங்க என்ன நினைக்கிய? தூங்கியிருப்பேனோ? வேண்டாம், சொல்லாதீங்க.

போகட்டும். சொல்லிருதேன். தூங்குனேன், குறட்டை விட்டேன், உலகநாதன் தூங்குனான்னு டெப்போ போர்டுல வேணும்னாலும் எழுதிப் போடட்டும். செண்பகாகிட்டயும் இப்பவே, மனசு தெளிவா இருக்கும்போதே சொல்லி வைக்கணும். 'ரெண்டு நாளைக்கு நான் உன்னை யாருன்னு கேட்டாலும் அழாத மக்ளே, ஒரு சோலியாப் போயிருக்கேன், முடிச்சுட்டு உங்கிட்ட வந்திருவேன்'னு. வந்திருவேன். வராம எங்க போறேன்? அவ ஒத்தையில என்ன செய்வா?

மேலப்பாளையம் வந்துட்டு. இனி புது பஸ் ஸ்டாண்டுதான். அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க தம்பி. புண்ணியமாப் போகும்.

இந்தா பாருங்க, நீங்க கேட்ட ரெண்டு டிக்கெட். இது எனக்கு, அம்பாசமுத்திரத்துல இருந்து. இது வீரவநல்லூர்ல இருந்து திருநெல்வேலி. கண்டக்டர் பய என்னை ஏற இறங்கப் பாத்தான். 'வீரவநல்லூர்ல யாருய்யா ஏறுதா?'ன்னான். 'நீ அடிச்சுக் குடு, ஏறுவாவ'ன்னேன். ரூல்னா ரூல்தான். டிக்கெட் இல்லாம அவள உக்கார வைக்க என்னால முடியாது. அதுக்குத்தான் நானே எடுத்துட்டேன். நாளைக்கு உள்ள கூட்டிட்டுப் போகும்போது மோதிரம், கடிகாரம், அரணாக்கயிறு எல்லாத்தையும் கழட்டிருவாவ. இதை மட்டும் கையில மடக்கி வச்சுக்கிடுவேன். நர்சுப் புள்ளை விரலைப் பிரிச்சாலும் தர மாட்டேன்.

என்ன பாக்குதிய? வேர்வையில எழுத்து அழிஞ்சு போகுமேன்னா?

அழிஞ்சா அழியட்டும் தம்பி. செக்கிங் நான்தான.